டொல்பின் செத்து ஒதுங்கினால் காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

மே மாதம் பிறந்து தென்மேல் பருவக்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால், நீர்கொழும்புக்கும் காலிக்கும் இடையில் எங்காவது ஒரு டொல்பினோ கடலாமையோ செத்து ஒதுங்கிய படம் வட்ஸ்அப்பில் வந்துவிடும். அந்தப் படம் ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் ஏறி வரும்போது கூடவே மூன்று விளக்கங்களும் ஏறி வருகின்றன: சுனாமி வரப்போகிறது, கப்பல் நஞ்சைக் கொட்டிவிட்டது, கடற்படை ஏதோ சோதனை நடத்துகிறது. மூன்றையும் அனுப்புகிறவர்கள் அந்த உடலை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும், வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விடயம் இதில் மிகக் குறைவு.

கடலே தெரியாத மலையகத்தில் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு தொடர்புகள் உண்டு. நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், மகாவலிக் கரையில்தான் இருக்கிறது. கடற்கரையில் கத்தியோடு குனிந்து நிற்கும் மிருக வைத்தியர் பெரும்பாலும் இந்த மலையில் படித்து இறங்கியவர். மற்றத் தொடர்பு ஆறு; அதற்குப் பிறகு வருவோம்.

## முதலில் பெயர்கள்

திமிங்கிலம், டொல்பின், கடற்பன்றி மூன்றும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்த பாலூட்டிகள். செய்திகளில் டொல்பினையும் கடற்பன்றியையும் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறார்கள். வித்தியாசம் வாயைத் திறந்தால் தெரியும். டொல்பினின் பல் கூம்பு போலக் கூராக இருக்கும். கடற்பன்றியின் பல் மண்வெட்டி அலகு போலத் தட்டையானது. கடற்பன்றிக்கு டொல்பினைப் போல நீண்ட அலகும் கிடையாது. உலகில் இன்று 7 கடற்பன்றி இனங்கள் இருக்கின்றன. நம் பக்கத்துக் கடலில் வாழ்வது முதுகுத் துடுப்பே இல்லாத இனம். பாக்கு நீரிணையில் மீன்வலைகளில் சிக்கியிருக்கிறது. மன்னார்ப் பக்கம் ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் சொல்லப்படுவது வேறு குடும்பம்; அது கடற்புல் மேயும் விலங்கு.

இவை அத்தனைக்கும் பொதுவான ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் இலகு. இவற்றுக்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். மேலே வந்து காற்றை இழுத்தே ஆக வேண்டும். கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த உயிர், தண்ணீருக்கு அடியில் மூச்சு தாங்கும் நேரத்தைவிட ஐந்தாறு நிமிடம் அதிகமாகப் பிடித்து வைக்கப்பட்டால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

## உயிரோடு ஒதுங்குவது வேறு, செத்து ஒதுங்குவது வேறு

2020 நவம்பர் 2ஆம் திகதி, கொரோனா ஊரடங்கின் நடுவே, பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் வந்து ஏறின. கடற்படையினரும் கரையோரக் காவல் படையினரும் ஊர் மக்களும் இரவு முழுக்க நின்று அவற்றைத் திரும்பக் கடலுக்குள் தள்ளினார்கள். சில இறந்தன, பெரும்பாலானவை பிழைத்தன. 2017இல் திருகோணமலை சம்பூரில் ஏறத்தாழ 20 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோதும் கடற்படையும் ஊராரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். அக்கரையில் தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு கரையில் 2016 ஜனவரியில் இதே இனம் பெருங்கூட்டமாக ஏறி, நாற்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. அதே கரையில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது.

மூன்று இடத்திலும் பைலட் திமிங்கிலம்தான் என்பது தற்செயல் அல்ல. குடும்பம் குடும்பமாக, ஒன்றை ஒன்று விடாமல் வாழும் இனம் அது. கூட்டத்தில் ஒன்று நோயினாலோ வழி தப்பியோ ஆழம் குறைந்த இடத்துக்குப் போய்விட்டால் மற்றவை பின்னாலேயே போகும். அவை ஒலி எழுப்பி, எதிரொலி கேட்டு வழி அறிபவை. மெல்லச் சரிந்து போகும் மணற்கரை எதிரொலியைச் சரியாகத் திருப்பித் தராது. கரையில் ஏறிய பிறகு கொல்வது தண்ணீர் இல்லாமை அல்ல, சொந்த எடைதான். தண்ணீர் தாங்கிப் பிடித்திருந்த உடல் மணலில் கிடக்கும்போது நுரையீரலும் தசையும் நசுங்குகின்றன. தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பு உடல் சூட்டை வெளியே விடுவதில்லை.

சுனாமிக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். 2011 மார்ச்சில் ஜப்பானின் இபராக்கிக் கரையில் ஏறத்தாழ 50 சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கி, ஒரு வாரத்தில் பெரும் பூமியதிர்ச்சியும் சுனாமியும் வந்தன. வதந்திக்கு அதுவே வித்து. ஆனால் அதே இபராக்கிக் கரையில் 2015 ஏப்ரலில் அதைப்போல மூன்று மடங்கு, சுமார் 150, ஒதுங்கின. தொடர்ந்து பேரதிர்ச்சி எதுவும் வரவில்லை. பாணந்துறைக்குப் பிறகும் வரவில்லை. பொருந்தியதை மட்டும் நினைவில் வைப்பவர்களுக்கு எந்தச் சோதிடமும் பலிக்கும்.

கூட்டமாக உயிரோடு ஏறுவது வழி தப்பிய கதை. தனித்தனியாகச் செத்து மிதந்து வருவதோ, கடலுக்குள் எங்கோ நடந்த வேறொரு கதை. இனி வருவது இந்த இரண்டாவதைப் பற்றி.

## உடலுக்கு எவ்வளவு நேரம் பேச முடியும்?

உலகெங்கும் கடல் பாலூட்டிகளின் உடலை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 1 உயிருடன் இருப்பது. 2 இப்போதுதான் இறந்தது. 3 அழுகத் தொடங்கினாலும் உறுப்புகள் பிரித்தறியக்கூடியது. 4 முற்றாக அழுகியது. 5 தோலும் எலும்பும். நோய்க்கிருமி தேட 2ஆம் நிலை வேண்டும். 3இல் காயம், வலைத் தழும்பு, இரைப்பை ஆகியவற்றைப் பார்க்கலாம். 4இல் பெரும்பாலும் இனமும் நீளமும்தான் மிஞ்சும்.

நம் வெயிலில் 2 என்பது சில மணி நேரம். அந்தக் கொழுப்புப் போர்வை செத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைக்கிறது; வெளித்தோல் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஈரல் கூழாகிவிடும். வாயு சேர்ந்து உடல் ஊதும். 2004 ஜனவரியில் தாய்வானின் தைனான் நகரில், ஆய்வுக்காக லொறியில் ஏற்றிப்போன ஒரு பெரிய எண்ணெய்த் திமிங்கிலம் நடுத்தெருவில் வெடித்துக் கடைகளை நனைத்தது. செல்ஃபி எடுக்க மேலே ஏறி நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தகுந்த நிலையில் ஒரு கடற்பன்றி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீற்றர் நீளம். வேலை இந்த வரிசையில் நடக்கும்:

1. வெட்டும் முன் பார்ப்பது. எல்லாப் பக்கத்திலும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கிறார்கள். துடுப்பின் முன்விளிம்பிலும் வாயோரத்திலும் நூல் அழுத்திய மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். ஓரிரு மில்லிமீற்றர் அகலக் கோடுதான், ஆனால் வழக்கின் பாதி அதில் இருக்கலாம்.

2. கொழுப்பை அளப்பது. முதுகு, விலா, வயிறு என்று மூன்று இடத்தில் கீறி, கொழுப்பின் தடிப்பை மில்லிமீற்றரில் எழுதுகிறார்கள். மெலிந்திருந்தால் நீண்ட நோயோ பட்டினியோ. நல்ல தடிப்போடு இருந்தால் நேற்றுவரை ஆரோக்கியமாக இருந்த விலங்கு, திடீரெனச் செத்திருக்கிறது.

3. காயத்தின் வயது. எலும்பு முறிந்திருந்தால் சுற்றியுள்ள தசையில் இரத்தம் கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் அடி விழும்போது இதயம் துடித்துக்கொண்டிருந்தது. கட்டவில்லை என்றால் செத்து மிதந்த உடலைப் பிறகு ஏதோ இடித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

4. நுரையீரலும் மூச்சுக்குழாயும். வெண்ணுரை நிறைந்திருந்தால் மூச்சுத் திணறல் என்ற சந்தேகம் வலுக்கும். ஒட்டுண்ணிப் புழுக்களும் இங்கே இருக்கும். கொஞ்சம் இருப்பது சாதாரணம், அதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

5. இரைப்பை. மீனின் காது எலும்பும் கணவாயின் அலகும் செரிக்காமல் தங்கும். கடைசியாக என்ன தின்றது, எப்போது தின்றது என்று அவற்றை வைத்துச் சொல்லலாம்.

6. காது. இதுதான் எல்லாவற்றிலும் அவசரம். உள்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். மண்டையின் அடியிலிருந்து காது எலும்பைப் பெயர்த்து உடனே ஃபோர்மலினில் போட வேண்டும். தவறவிட்டால், ஒலி இதைச் செவிடாக்கியதா என்ற கேள்வி அத்தோடு முடிந்தது.

7. மாதிரிகள். ஒவ்வொரு உறுப்பிலும் ஒரு துண்டு ஃபோர்மலினில், ஒரு துண்டு உறைகுளிரில். நஞ்சு தேடும் துண்டை பிளாஸ்டிக் பையில் இடாமல் அலுமினியத் தாளில் சுற்றுகிறார்கள். பையிலுள்ள இரசாயனமே மாதிரிக்குள் போய்விடலாம். ஒரு பல்லும் எடுக்கப்படும். அதை அறுத்தால் மர வளையம் போல ஆண்டு அடுக்குகள் தெரியும், வயது அதில்.

கரையில் முடிவது இவ்வளவுதான். நுணுக்குக்காட்டியும் மரபணுச் சோதனையும் இரசாயனச் சோதனையும் வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் ஓடும். அதனால்தான் "பிரேத பரிசோதனை செய்யப்பட்டது" என்று வெள்ளிக்கிழமை வரும் செய்திக்கும் "காரணம் இதுதான்" என்ற செய்திக்கும் நடுவே இத்தனை நாள். அதற்குள் பேஸ்புக் வேறு விடயத்துக்குப் போய்விடுகிறது.

## ஒரு சாவு, மூன்று காரணங்கள்

மலையகத்துக்குத் தெரிந்த உதாரணத்திலிருந்து தொடங்குவோம். 2020 மே மாதக் கடைசியில் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மே 29ஆம் திகதி இறந்தது. அது ஏன் செத்தது?

கழுத்துக் காயத்தால் என்பது உடனடிக் காரணம். சுருக்கு என்பது அடிப்படைக் காரணம். அந்தச் சுருக்கை யார், எதற்கு வைத்தார்கள் என்பது மூன்றாவது. மலையில் சுருக்கு பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைப்பது. பழைய பிரேக் கேபிளை முறுக்கிக் கட்டினால் போதும். சிறுத்தைக்கு வைக்காத சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. மிருக வைத்தியரின் கத்தி முதல் இரண்டைச் சொல்லும். மூன்றாவதைப் பொலிஸும் வனஜீவராசிகள் அதிகாரியும் தேட வேண்டும்.

கடலிலும் இதே மூன்று அடுக்குதான். ஸ்கொட்லாந்தின் டயரீ தீவில் 2016 ஜனவரியில் லூலு என்று பெயரிடப்பட்ட ஓர்கா (கொலைத் திமிங்கிலம்) ஒன்று செத்து ஒதுங்கியது. கயிற்றில் சிக்கி இறந்திருந்தது. கதை முடிந்தது என்றுதான் தோன்றும். கொழுப்பைச் சோதித்தபோது, ஒரு காலத்தில் மின்மாற்றி எண்ணெயில் கலந்து பின்னர் தடை செய்யப்பட்ட பீசீபீ என்ற இரசாயனம் கிலோவுக்கு 957 மில்லிகிராம் இருந்தது. தீங்கு தொடங்கும் அளவாக அறிஞர்கள் வைத்திருக்கும் 9 மில்லிகிராமைப் போல நூறு மடங்குக்கும் மேல். இருபது வயதைத் தாண்டிய அந்தப் பெண் ஒருமுறையும் குட்டி ஈன்றதில்லை என்று சூலகம் காட்டியது. கயிறு கொன்றது உண்மை. நஞ்சு அதைப் பல ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்ததும் உண்மை. செய்தித் தலைப்பில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு.

## சந்தேகப் பட்டியல்

வலை. முதலிடம் இதற்குத்தான், வெகு தூரத்துக்கு. இந்து சமுத்திரத்தில் சூரை மீனுக்குப் போடும் செவுள்வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 இலட்சம் சிறு திமிங்கிலங்களும் டொல்பின்களும் சிக்கியிருக்கலாம் என்பது 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு. தடயங்கள் ஒன்றாகச் சேர்ந்தே வரும்: நூல் தழும்பு, நுரை நிறைந்த நுரையீரல், நல்ல கொழுப்பு, அண்மையில் தின்ற மீன். வலையிலிருந்து விடுவிக்க வாலை வெட்டியிருக்கலாம். மிதக்காமல் ஆழ்ந்து போக வயிற்றைக் கீறியிருக்கலாம்.

இலங்கையில் கடல் பாலூட்டிகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதன் பக்கவிளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். தற்செயலாக டொல்பின் சிக்கிய மீனவர் அதைத் துறைக்குக் கொண்டுவந்து காட்ட மாட்டார், காட்டினால் வழக்கு. கடலிலேயே விட்டுவிடுவார், அல்லது சுறாத் தூண்டிலுக்கு இரையாக வெட்டிவிடுவார். மீனவரைக் குற்றவாளி ஆக்கினால் தகவல் வராது. சுருக்கில் சிறுத்தை செத்தால் தோட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போவது போலத்தான் இதுவும்.

கப்பல். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்மூக்கில் நீலத் திமிங்கிலம் ஒன்று குறுக்கே மடிந்து தொங்கியது. மிரிஸ்ஸவுக்கும் தெய்வேந்திரமுனைக்கும் தெற்கே நீலத் திமிங்கிலம் இரை தேடும் இடமும், உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. பாதையைத் தெற்கே தள்ளினால் மோதல் வெகுவாகக் குறையும் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்கிறார்கள். 2022இல் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று தானாகவே தன் கப்பல்களைத் தள்ளிப் போகச் சொன்னது.

ஒலி. "கடற்படை சோதனை" என்ற வதந்திக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கிலங்கள் ஒதுங்கின, பெரும்பாலும் அலகுத் திமிங்கிலங்கள். அருகில் நடந்த பயிற்சியில் பயன்படுத்திய, நீருக்கடியில் ஒலி அனுப்பிப் பொருட்களைத் தேடும் சோனார் கருவியின் ஒலியே காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படையே அடுத்த ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 2002 செப்டெம்பரில் கனரித் தீவுகளில் இதே கதை. அங்கே உடல்களைச் சூடாறுமுன் திறந்தார்கள். இரத்த நாளங்களில் வாயுக் குமிழ்கள் இருந்தன, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் சுழியோடிக்கு வருவது போல. அலகுத் திமிங்கிலம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்கி மூழ்கியதாகப் பதிவு உண்டு. மிரண்டு போய் முழுகும் ஒழுங்கைக் குலைத்தால் அதன் உடல் தாங்காது. 2004இல் ஸ்பெயின் அங்கே சோனாரை நிறுத்திவைத்த பிறகு அப்படிக் கூட்டமாகச் சாவது நின்றுபோனது. ஆகவே சோனார் கொல்லும். ஆனால் அது முக்கியமாக ஆழ்கடல் அலகுத் திமிங்கிலத்தின் பிரச்சினை. கரையோர டொல்பின் ஒன்று ஒதுங்கியதும் சோனாரைச் சுட்டுவது அவசரம். சட்டவிரோதமாக டைனமைட் வெடித்து மீன் பிடிக்கும் இடங்களிலோ காது சேதம் தேட நியாயமான காரணம் உண்டு.

நோய். சின்னமுத்துக் கிருமியின் உறவுக் கிருமி ஒன்று கடலில் சுற்றுகிறது. 1988இல் வட கடலில் அதன் ஒரு வகை சுமார் 18,000 கடல்நாய்களை (சீல்) கொன்றது. 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1,600க்கும் மேற்பட்ட டொல்பின்கள் இறந்த கொள்ளைநோயும் அதே குலம்தான்.

பிளாஸ்டிக். படத்துக்கு இதைவிடப் பொருத்தமான குற்றவாளி கிடையாது. 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வக்காதோபியில் ஒதுங்கிய எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் 115 கோப்பைகளும் இரண்டு செருப்புகளுமாக 5.9 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. உலகமே பகிர்ந்த படம். ஆனால் உடல் மிகவும் அழுகியிருந்ததால் பிளாஸ்டிக்தான் கொன்றதா என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியவில்லை. வயிற்றில் இருந்தது என்பதும் கொன்றது என்பதும் இரண்டு வாக்கியங்கள். குடலை அடைத்திருந்தால், சுவரைக் கிழித்திருந்தால், அதைக் கண்ணால் காண வேண்டும்.

வேறு விலங்குகள். நெதர்லாந்துக் கரைகளில் ஆண்டாண்டாகக் கடற்பன்றிகள் கோரமாகக் கிழிபட்டு ஒதுங்கின. கொழுப்பு பெரிய துண்டாக உரிக்கப்பட்டிருக்கும். கப்பலின் விசிறி, மீனவரின் கத்தி என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். கடிவாய் போலத் தெரிந்த சிறு துளைகளுக்குள் பஞ்சைச் சுழற்றி எடுத்துச் சோதித்தபோது சாம்பல்நிறக் கடல்நாயின் மரபணு கிடைத்தது. மீன் தின்னி என்று எல்லோரும் நினைத்த கடல்நாய், கடற்பன்றியை வேட்டையாடிக்கொண்டிருந்தது. ஸ்கொட்லாந்தில் இன்னும் விசித்திரம்: விலா முறிந்து ஒதுங்கிய கடற்பன்றிகளைக் கொன்றவை டொல்பின்கள். தின்பதற்காகவும் அல்ல. "சிரித்த முகம்" என்று நாம் கொண்டாடும் விலங்கு அது.

## கணக்கு எழுதிவைக்காத கடல்

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைட்ரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணை. ஜூன் 2இல் கப்பல் அமிழத் தொடங்கியது. அதன் பின் கரையெங்கும் ஆமைகளும் டொல்பின்களும் ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது; 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் இறந்தமை அதில் குறிப்பிடப்பட்டது.

கப்பல் தீங்கு செய்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் "இந்த 48இல் எத்தனை கப்பலால்?" என்று ஒருவர் கேட்டால், பதிலுக்குத் தேவைப்படுவது வேறொரு எண்: கப்பல் எரியாத ஆண்டுகளில், அதே மே-ஜூன் மாதங்களில், அதே கரைகளில் எத்தனை ஒதுங்கும்?

கொழுந்து நிறுவையை நினைத்துப் பாருங்கள். நேற்று எத்தனை கிலோ, போன மாதம் எத்தனை கிலோ என்று எழுதிவைக்காத தோட்டத்தில், "இன்று கொழுந்து குறைந்துவிட்டது" என்று துரை சொன்னால் கணக்கப்பிள்ளையால் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. பிரித்தானியாவில் ஒதுங்கும் ஒவ்வொரு உடலையும் பதிந்து, அவற்றில் பலவற்றைத் திறந்து பார்க்கும் திட்டம் 1990 முதல் ஓடுகிறது. விபத்து நடந்த பிறகு எண்ணத் தொடங்கினால் மூன்று குழப்பங்கள் வந்து சேரும்:

1. தென்மேல் காற்று வீசும் மாதங்களில் கடலில் மிதக்கும் உடல்கள் மேற்கு, தெற்குக் கரைகளின் பக்கம் தள்ளப்படும். மற்ற மாதங்களில் செத்தால் வெளிக்கடலோடு போய்விடும். கப்பல் எரிந்ததும் இதே மாதத்தில்.

2. செய்தி பெரிதானதும் எல்லோரும் கரையைப் பார்க்கிறார்கள். முன்பு நாய் தின்று முடித்த உடல் இப்போது பதிவேட்டுக்கு வருகிறது. சாவு கூடாமலே எண்ணிக்கை கூடும்.

3. மறுபக்கத்தில், கரைக்கு வருவது மிகச் சிறு பங்கு. மெக்சிக்கோ வளைகுடாவில் செய்த ஒரு கணிப்பின்படி, இறக்கும் திமிங்கில, டொல்பின்களில் சராசரியாக நூற்றுக்கு 2 உடல்களே கண்டெடுக்கப்படுகின்றன. அந்த விகிதம் இங்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கரையில் எண்ணியதே மொத்தம் என்று கொள்வது சாவைக் குறைத்துக் காட்டும்.

முதல் இரண்டும் எண்ணை ஊதவைக்கும், மூன்றாவது சுருங்கவைக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்ல முந்திய ஆண்டுகளின் கணக்கு வேண்டும். கப்பல் தரப்பு வழக்கறிஞர் எந்த நாட்டு நீதிமன்றத்தில் நின்றாலும் விரல் வைக்கக்கூடிய ஓட்டை இதுதான், இன்னொரு கப்பல் எரியும்போதும் இதே ஓட்டை இருக்கும். என் பார்வையில், கோடிக் கணக்கில் விலை போகும் கருவிகளைவிட, கரையோரப் பிரதேச செயலகங்களில் எந்நாளும் நிரப்பப்படும் ஒரு பதிவுப் புத்தகமே முதலில் வேண்டும். நாளாந்தம் எழுதும் வேலைக்கு நாடாவெட்டு விழா கிடையாது என்பதுதான் சிக்கல்.

## ஆறு எங்கே போகிறது?

காசல்ரீயிலும் மவுஸாகலையிலும் தேங்கும் தண்ணீர் கெசல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் இறங்கி, களனி கங்கையாகி, மட்டக்குளியில் கடலில் கலக்கிறது. கடலை ஆராயும் நாரா நிறுவனம் அதே முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், காக்கைத்தீவில் இருக்கிறது. மகாவலியோ 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் சேர்கிறது. பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கிய சம்பூர் அந்தக் குடாவின் கரையில்தான்.

இதிலிருந்து "தோட்டத்து மருந்து டொல்பினைக் கொல்கிறது" என்று தாவிவிடக்கூடாது. அப்படிச் சொல்ல, இங்கே ஒதுங்கிய உடல்களின் கொழுப்பையும் ஈரலையும் தொடர்ந்து சோதித்த கணக்கு வேண்டும். நிலத்திலிருந்து கடலுக்கு என்ன போகலாம் என்பதற்கு வேறொரு நாட்டில் கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. நியூசிலாந்தில் ஹெக்டர் டொல்பின் என்ற அரிய இனத்தின் 28 உடல்களைச் சோதித்தபோது, அவற்றில் 7 டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் இறந்திருந்தன. அந்த ஒட்டுண்ணி தன் முட்டையை இடுவது பூனையின் குடலில் மட்டும். பூனை கழித்ததை மழை கழுவி, ஓடை ஏந்தி, ஆறு கடலில் சேர்த்திருக்கிறது. லயத்துக் கோடியில் திரியும் பூனைக்கும் முகத்துவாரத்து டொல்பினுக்கும் இடையில் இருப்பது ஒரு மழைதான்.

## பயணம் போன இடத்தில் ஒன்றைக் கண்டால்

பள்ளி விடுமுறையில் வான் பிடித்துத் திருகோணமலைக்கும் நீர்கொழும்புக்கும் போகிறவர்கள் நாமும்தான். அப்படி ஒன்றைக் கண்டால்:

1. உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். தலையின் உச்சியில் உள்ள மூச்சுத் துளை திறந்து மூடும். உயிர் இருந்தால் அந்தத் துளைக்குள் தண்ணீரோ மணலோ போகாமல், ஈரத் துணியால் உடலை நனைத்து வைக்கலாம். வாலைப் பிடித்து இழுக்கக்கூடாது, முள்ளந்தண்டு விலகும்.

2. செத்திருந்தால் தொடாதீர்கள். சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றும். பிள்ளைகளையும் நாய்களையும் தள்ளி நிறுத்துங்கள்.

3. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். உடலைப் புதைக்க ஊரார் அவசரப்படுவார்கள், நாற்றம் அப்படி. மிருக வைத்தியர் வரும்வரை நிழலாவது போட்டு வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

4. படம் எடுங்கள்: முழு உடல் பக்கவாட்டில், தலை, வாய்க்குள் பல், துடுப்புகளின் விளிம்பு, காயம் இருந்தால் அது கிட்டத்தில். பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து எடுங்கள். அது எத்தனை அங்குலம் என்று பிறகு அளந்து சொல்லலாம்.